கைலியில் வாழும் ஊர்ப்பெயர்: பழவேற்காட்டுக்கு ஒருநாள் பயணம்

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் பள்ளிவாசலுக்குச் செல்லும்போது உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் ‘காயின் பெலிக்கட்’ என்று பெயர். ‘காயின்’ என்றால் துணி. ‘பெலிக்கட்’ என்பது ஊர்ப்பெயர். அந்த ஊர் சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கும் பழவேற்காடு ஆகும். நம் பகுதித் துணிக்கடைகளில் ‘பலையகாட்’ என்றும் ‘பாலியகாட்’ என்றும் ஒலி மாறி வழங்கும் கைலியும் இதே பெயரைத் தாங்கியதுதான். கட்டுவோர் பலரும் அது ஓர் ஊரின் பெயர் என்பதை அறியார்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர்களும் இளைஞர்களுமாகச் சிலர் கடந்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வூருக்குச் சென்று வந்தோம். அப்பயணம் ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கத்தில் ‘வேன் வாடகை’ என்ற ஒற்றை வரியாக நின்றுவிடக் கூடாது என்று நிர்வாகிகள் கருதியதன் விளைவே இக்கட்டுரை.

ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாகச் சென்றோம். பறவைகளைக் காண வேண்டுமாயின் வெயில் ஏறுமுன் செல்ல வேண்டும் என்பதால், ஊருக்குள் நுழையாமல் முதலில் அண்ணாமலைச்சேரிப் பக்கம் ஏரிக்கரைக்குப் போனோம்.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் சிறுபகுதி தமிழகத்திலும் உள்ளது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்ட மணல்திட்டாகக் கிடப்பது ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு. ராக்கெட் ஏவுதளம் அமைந்திருப்பதும் அத்தீவில்தான். தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் உட்புகுகிறது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பாயினும் பல இடங்களில் ஆழம் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. இந்த ஆழமின்மையே அங்கு வரும் பறவைகளுக்கு வாழ்வு.

தொலைவில் நீரின்மேல் வெண்ணிறக் கோடு ஒன்று தெரிந்தது. உப்புப் பூத்த திட்டாக இருக்கும் என்றே எண்ணினோம். கோடு மெல்ல அசைந்தது. பிறகு ஒரு பகுதி எழுந்து பறந்தது. பறந்தபோதுதான் அவற்றின் இறக்கைகளில் மறைந்திருந்த செந்நிறமும் ஓரங்களின் கருமையும் வெளிப்பட்டன. அவை பூநாரைகள். கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளுகின்றன. அலகின் ஓரங்களில் உள்ள நுண்ணிய தட்டுகள் சல்லடைபோல் நின்று, சிற்றுயிர்களையும் பாசியையும் தடுத்து வைக்கின்றன. அப்பறவையின் செந்நிறமும் பிறவியில் வருவதன்று. குஞ்சு சாம்பல் நிறமாகவே பிறக்கிறது. உண்ணும் உணவிலுள்ள நிறமிகள் உடலில் சேரச் சேரச் சிறகு சிவக்கிறது. இந்தியாவில் இவை பெருங்கூட்டமாகக் கூடி முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. அங்கே சேற்றினால் சிறு மேடை கட்டி, அதன்மேல் முட்டையிடுகின்றன.

பூநாரையோடு கூழைக்கடாக்களும், சங்குவளை நாரைகளும், ஊசிவால் வாத்துகளும், நெடுங்கால் உள்ளான்களும் இருந்தன. சிறிய உள்ளான் வகைகளில் எது எது என்று பிரித்தறியும் திறன் எங்களில் எவருக்கும் இல்லை. உடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர் பறவைப் படநூலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இறுதியில் நூலை மூடிவிட்டுப் பறவைகளையே பார்க்கத் தொடங்கினார். ஏரியின் ஆந்திரப் பகுதி 1976ஆம் ஆண்டிலும் தமிழகப் பகுதி 1980ஆம் ஆண்டிலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

பறவைகளைப் போலவே மனிதரும் அந்த நீரை நம்பியே வாழ்கின்றனர். இறால், களிநண்டு, மடவை, கிழங்கான் ஆகியவை அவ்வேரியின் செல்வங்கள். கரையோர மீனவக் கிராமங்களில் ‘பாடு’ என்றொரு பழைய முறை நிலவி வருகிறது. நல்ல மீன்பாடு உள்ள இடங்களில் இன்னார் இன்ன நாளில் வலையிடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கின்றனர். வலிமையுள்ளவனே எந்நாளும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாதபடி, ஏரியை ஊரின் பொதுச் சொத்தாகக் கருதி வகுத்த ஏற்பாடு இது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பாடு முறையை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியுள்ளனர். பாடு உரிமை இல்லாத பிற சமூகத்தாருக்கும் ஏரியில் பிழைப்பு வேண்டுமல்லவா என்ற கேள்வியும், அது தொடர்பான சச்சரவுகளும் உண்டு. எனினும் பொதுச் சொத்தைப் பங்கிடுவதில் சட்டப்புத்தகம் வருமுன்பே அவர்கள் ஓர் ஒழுங்கைக் கண்டிருந்தார்கள் என்பது மறுக்க இயலாதது.

இவை அனைத்துக்கும் உயிர்நாடி முகத்துவாரம். மணல் அடைத்து அது மூடிக்கொண்டால், கோடையில் ஏரிநீர் வற்றி உப்பு மிகுகிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. படகும் கடலுக்குப் போக இயலாது. முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்பது அம்மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. அண்மைய ஆண்டுகளில் அரசு அங்கே கற்களைக் கொண்டு தடுப்புச்சுவர் அமைக்கும் பணியை மேற்கொண்டது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, கடற்கரை அரிக்கப்பட்டு ஏரியே கடலோடு கலந்துவிடும் என்று அஞ்சி அவர்கள் கடுமையாக எதிர்த்தனர். துறைமுகங்கள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் பழவேற்காடே ஒரு காலத்தில் பெருந்துறைமுகமாக இருந்து, மறைந்த ஊர் என்பதால், அவர்களுடைய அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

லுஹர் நேரத்திற்கு ஊருக்குள் வந்தோம். பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல் என்று இரண்டு பழைய பள்ளிகள் அங்கே உள்ளன. பழவேற்காட்டுப் பள்ளியின் சூரியக் கடிகாரம் பெயர்பெற்றது. கைக்கடிகாரமும் கைப்பேசியும் வந்துவிட்ட இக்காலத்தில் அது வெறும் காட்சிப்பொருளாகத் தோன்றலாம். ஆனால் தொழுகை நேரங்களின் அடிப்படையே நிழல்தான் என்பதை அங்கே நின்றபோது இளைஞர்களுக்கு எளிதாக விளக்க முடிந்தது. உச்சிப்பொழுதில் மிகக் குறுகி நின்ற நிழல் மறுபுறம் சாய்ந்து நீளத் தொடங்கும் கணம் லுஹரின் தொடக்கம். உச்சிநேர நிழலைக் கழித்து, ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் அளவை எட்டும்போது அஸர் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இரு மடங்கை எட்டும்போது என்பது ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்து. சுவரில் தொங்கும் அட்டவணையை மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு தம்பி, “அப்படியானால் இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறுமே, அத்தா?” என்று தன் தந்தையிடம் கேட்டார். மாறத்தான் செய்யும். அதனால்தான் ஒவ்வொரு கடற்கரைப் பட்டினமும் தனக்கென ஒரு கல்லை நட்டு நிழலை அளந்தது.

இவ்வூரில் முஸ்லிம்கள் குடியேறியது எப்போது? 13ஆம் நூற்றாண்டில் அரபு மண்ணில் புதிய ஆட்சியாளருக்குப் பணிய மறுத்து வெளியேறிய சோனகர்கள் மரக்கலமேறி வந்து இங்கே கரையிறங்கினர் என்பது ஊரின் செவிவழி மரபு. செவிவழி மரபுக்கு உரிய மதிப்பைத் தருவோம்; அதையே கல்வெட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. எழுத்துச் சான்று 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. அக்காலத்தில் இக்கரைகளில் பயணம் செய்த இத்தாலியரான லுடோவிகோ தி வர்த்தேமாவும், போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசாவும் இவ்வூரைப் பற்றி எழுதியுள்ளனர். விஜயநகர அரசுக்குட்பட்ட செழிப்பான துறைமுகம் என்றும், முஸ்லிம் வணிகர்கள் இங்கே மிகுதி என்றும் அவர்கள் குறித்துள்ளனர். இங்கிருந்து வண்ணமிட்ட பருத்தித் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்திராவுக்கும் சென்றன. ‘காயின் பெலிக்கட்’ என்ற சொல்லின் வேர் இந்த வணிகத்தில்தான் இருக்கிறது.

ஐரோப்பியரின் கோட்டை எழுமுன்பே இங்கே ஒரு பன்னாட்டுச் சந்தை இருந்தது என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பள்ளிப் பாடநூல்களில் கடல் வணிகம் என்றாலே வாஸ்கோடகாமாவிலிருந்து தொடங்கும் வழக்கம் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியுள்ளது. செட்டிகள் முதலீடு செய்தனர். உள்நாட்டு நெசவாளர் நெய்தனர். சோனகரும் பிறரும் கப்பலோட்டினர். பெருங்கப்பல்கள் முகத்துவாரத்திற்கு வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் சரக்கை ஏற்றி இறக்கின.

ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் இக்கரைக்கு வந்தது இந்தத் துணிக்காகத்தான். மொலுக்காஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமாயின் அத்தீவினர் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியையே விரும்பிப் பெற்றனர். 1606இல் குடிநீருக்காகக் கரிமணல் பக்கம் ஒதுங்கிய ஒரு டச்சுக் கப்பலுக்குப் பழவேற்காட்டு முஸ்லிம்கள் உணவும் நீரும் தந்து உதவினர் என்றும், அதுவே அவர்கள் இங்கே காலூன்றக் காரணமாயிற்று என்றும் சொல்லப்படுகிறது. 1610இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியுடன் அவர்கள் இங்கே பண்டகசாலை அமைத்தனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். அதன் பின் எழுந்ததே 1613இல் முடிக்கப்பெற்ற கெல்ட்ரியா கோட்டை. அப்போதைய தலைவர் வெம்மர் வான் பெர்கெம் என்பவரின் தாய்மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரையே கோட்டைக்கு இட்டனர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையில் டச்சு நிறுவனத்தின் தலைமையிடம் பழவேற்காடே. இங்கே நாணயம் அச்சிட்டனர், வெடிமருந்து செய்தனர். 1619ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரும் சில ஆண்டுகள் இங்கே பங்கு கேட்டு உட்கார்ந்து பார்த்து, டச்சுக்காரருடன் ஒத்துப்போக முடியாமல் வெளியேறி, ஏரியின் வடபுறத்திலுள்ள துர்க்கராஜப்பட்டினத்தில் 1626இல் குடியேறினர். அங்கும் நிலைக்காமல் 1639இல் தெற்கே நிலம் பெற்ற இடமே சென்னப்பட்டினம். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் சென்னை இன்று எங்கே இருந்திருக்கும் என்று வேனில் ஒரு விவாதமே நடந்தது.

அக்கோட்டையின் கணக்கேடுகளில் துணி மட்டுமே இல்லை. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், வயிற்றுக்கில்லாமல் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற மக்களையும், பிடித்துவரப்பட்டவர்களையும் விலைக்கு வாங்கி, பத்தாவியாவுக்கும் பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் கப்பலேற்றினர். 1621இல் பண்டா தீவுகளைப் படையெடுத்து அழித்த டச்சு நிறுவனம், அங்கே ஜாதிக்காய்த் தோட்டங்களில் உழைக்க அடிமைகளைத் தேடியது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல்லாயிரம் தமிழரும் தெலுங்கரும் இவ்வாறு சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் எவரும் பெயரோடு நினைக்கப்படுவதில்லை.

இதைச் சொல்லக் காரணம், அன்று பிற்பகலில் நாங்கள் பார்த்த டச்சுக் கல்லறைத் தோட்டம். கோட்டை இன்று முட்புதர் மண்டிய மேடு. அகழி இருந்த தடம் தெரிகிறது, வேறொன்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதனைத் தகர்த்தனர். ஆனால் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் செவ்வனே உள்ளது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றன் தலையில் மணற்கடிகாரம். மரணத்தை நினைவூட்டுவது அதன் நோக்கம். உள்ளே கூம்புத் தூண்களும் குவிமாடங்களும் உள்ளன. கனத்த கருங்கற்களில் ஆழமாக வெட்டப்பட்ட டச்சு எழுத்துகளையும் குடும்பச் சின்னங்களையும் காணலாம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த வணிக அதிகாரியின் பெயர், பதவி, வயது, இறந்த நாள் அனைத்தையும் இன்றும் படித்தறியலாம்.

மையவாடியில் ஆடம்பரக் கட்டடம் எழுப்புவதை நம் மார்க்கம் விரும்பவில்லை. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எழுதி வைப்பதை யார் தடுத்தார்கள்? நிக்காஹ் பதிவேடு, மையவாடிக் குறிப்பு, வக்ஃபுப் பத்திரம், அரபுத்தமிழில் எழுதிய கடிதம், கப்பல் சரக்குக் கணக்கு என்று நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ ஏடுகள் இருந்தன. வெள்ளையடிக்கும்போதும் பள்ளியைப் புதுப்பிக்கும்போதும் குப்பையோடு போனவை எவ்வளவு என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். நம் ஜமாஅத்தின் இரும்புப் பெட்டியிலும் பழைய நிக்காஹ் பதிவேடுகள் உள்ளன. ஓரங்களைப் பூச்சி அரித்துள்ளது. பயணத்தில் கலந்துகொண்ட இளைஞர்கள் அவற்றை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துத் தர முன்வந்துள்ளனர். பொதுக்குழு இதற்கு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஊர் எப்படிச் சிறுத்தது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல இயலாது. 1640களில் கோல்கொண்டாவின் படை இப்பகுதியைக் கைப்பற்றியது. 1687இல் கோல்கொண்டா முகலாயர் வசமாயிற்று. டச்சுத் தலைமையிடம் இடம் மாறியது. அருகிலேயே சென்னை வளர்ந்து நெசவாளரையும் வணிகரையும் ஈர்த்துக்கொண்டது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஊரை மாறி மாறி வைத்திருந்து, 1824 உடன்படிக்கையின்படி 1825இல் அது முற்றாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்நூற்றாண்டில் இயந்திரத் துணி வந்து கைத்தறியின் முதுகெலும்பை முறித்தது. பக்கிங்ஹாம் கால்வாயில் சென்ற படகுகள் சிறிது காலம் ஊருக்கு உயிர் கொடுத்தன; ரயிலும் சாலையும் வந்தபின் அதுவும் ஓய்ந்தது. பழவேற்காட்டுக் கைக்குட்டை என்று பெயர்பெற்றிருந்த துணிவகை, ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. பெயரிலிருந்துகூட ஊர் நீங்கியது.

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் சிற்பங்களையும், பழைமையான மாதா கோயிலையும் நேரக்குறைவால் வெளியிலிருந்தே கண்டோம். அவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவதில் கைதேர்ந்தவர்கள். எங்கள் குழுவினர் ஆளுக்கொன்று வாங்கினர்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் குறையக்கூடும். அப்போது ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டா செல்லும் சாலையோரத்தில் காண வாய்ப்பு அதிகம். பறவைகளை அருகில் வரச்செய்யக் கல்லெறிவது, கூச்சலிடுவது கூடாது. ஏரியில் படகேற வற்புறுத்துவோருக்கு இணங்க வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்திற்குப் பகலிலேயே செல்வது நல்லது. மதிய உணவை முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஏரி இறாலும் நண்டும் கிடைக்கும். சொல்லாமல் சென்ற எங்களுக்குச் சோறும் ரசமும் கிடைத்தன.